மூடி மேடம்

தேநீர் டம்ளரை எதையாவது வைத்து மூடாமல் என் தங்கை அடுத்த வேலையைத் தொடுவதில்லை. தட்டு கிடைத்தால் தட்டு. இல்லாவிட்டால் கால்குலேட்டர், மூக்குக்கண்ணாடிக் கூடு, என் தையல் மேசையில் கிடக்கும் சாக்கட்டிப் பெட்டி. ஒரு வாய் குடிப்பாள், மூடுவாள், பேசுவாள், மறுபடி திறப்பாள். "முதல் வாய் என்ன சூடோ கடைசி வாயும் அதே சூடா இருக்கணும்ணா" என்பாள். அது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மூடுகிறாள். அலுவலகத்தில் அவளுக்கு மூடி மேடம் என்று பெயர். அவள் வேலை பார்ப்பது கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

கடைக்குப் போனால் பாட்டிலை எடுத்து முதலில் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பார்ப்பாள். தேதி பார்க்கிறாள் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். அவள் தேடுவது தன் தொழிற்சாலையின் முத்திரையை. இருந்தால் முன் வரிசையில் வைப்பாள். இல்லாததைப் பின்னால் தள்ளிவிடுவாள். என் மனைவி அவளோடு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அவளுடைய மேசை மாடியில் இருக்கிறது. கீழே உலை. செருப்பைக் கழற்றினால் தரையின் வெதுவெதுப்பு பாதத்தில் தெரியும். அந்த உலையைப் பற்றவைத்தால் பல வருடங்களுக்கு அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே உருகிய கண்ணாடி அப்படியே இறுகி உலையே வீணாகிவிடும். பாட்டில் விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்கு எரிவாயு போட்டாக வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். அந்த உலைக்காக வாங்கிய கடனைப் பார்த்துக்கொள்வது என் தங்கையின் வேலை.

நான் எட்டாம் வகுப்போடு நின்ற தையல்காரன். அடுத்த பத்தியை எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

கடனுக்கு வட்டி நிலையானதல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்தையைப் பார்த்து ஏறும், இறங்கும். அடுத்த தவணை எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேறொரு வங்கியோடு, அதே தொகைக்கு, கடன் முடியும் நாள் வரைக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஸ்வாப் என்று பெயர். ஒப்பந்தத்தில் ஒரு வட்டி எழுதியிருக்கும். சந்தை வட்டி அதற்கு மேலே போனால் வித்தியாசத்தை அந்த வங்கி கம்பெனிக்குத் தரும். கீழே போனால் கம்பெனி வங்கிக்குத் தரும். கடனுக்குக் கட்டும் வட்டியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், கம்பெனியின் கையை விட்டுப் போவது எப்போதும் ஒரே தொகைதான். முதலாளியிடம் எடுத்துச் சொல்லி இதில் கையெழுத்து வாங்கியவள் என் தங்கை.

கையெழுத்தான கொஞ்ச நாளிலேயே சந்தை வட்டி இறங்கத் தொடங்கியது. இரண்டு வருடம் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி அந்த வங்கிக்குப் பணம் அனுப்பியது. முதலாளியின் மருமகனைத் தொழிற்சாலையில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவர் மாடிப்படி ஏறும்போதே குரல் கொடுப்பார்: "மூடி மேடம், இந்தத் தடவை எவ்வளவு தண்டம்?" தொகையைச் சொல்வாள். "முறிச்சிடலாமே?" "முறிச்சா நாளைக்கு வட்டி ஏறினா தாங்கணும் சார். உலைய அணைச்சு வைக்க முடியாது." அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரிப்பார்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மூடுவாள்.

அவளுடைய சொந்த வீட்டுக் கடன் ஏறி இறங்கும் வட்டியில்தான் இருக்கிறது. "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று என் மனைவி கேட்டாள். "எனக்கெல்லாம் யாரு அண்ணி ஸ்வாப் குடுப்பா? ஏறினா ஒரு புடவை குறைச்சு வாங்கிப்பேன். அங்க அப்படி முடியுமா?"

மூன்றாம் வருடம் வட்டி திரும்பியது. ஏறத் தொடங்கி, ஒப்பந்தத்தில் எழுதியதையும் தாண்டியது. இப்போது வங்கி கம்பெனிக்குப் பணம் அனுப்பியது. அந்தச் சமயத்தில்தான் என் மகளின் பிரசவத்துக்காக அவள் விடுப்பில் வந்து எங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே முதலாளி ஒரு பழைய கிடங்கை விற்று, வந்த பணத்தில் உலைக் கடனில் பாதியை அடைத்துவிட்டார். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

அவள் திரும்பிப் போன அன்று மாப்பிள்ளையே அவள் மேசைக்கு வந்தார். "மேடம், அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டது நல்லதாப் போச்சு." அதோடு இன்னொன்றும் சொன்னார். நிதி மேலாளர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி அவளுக்கு என்று மாமனார் முடிவு செய்துவிட்டார். பதினெட்டு வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த நாற்காலி அது.

அவள் கேட்டது வேறு. "கடன்ல பாதி போயிடுச்சே சார், ஸ்வாப்ல பாதிய யாராவது நிறுத்தினாங்களா?"

யாரும் நிறுத்தவில்லை. கடன் பாதியானது, ஸ்வாப் பழைய முழுத் தொகைக்கே நின்றது.

அன்று மதியம் முதலாளியின் அறையில் நடந்ததை அவள் எங்களுக்கு மூன்று பேர் குரலிலும் பேசிக் காட்டினாள்.

"பாதி ஸ்வாப்ப இன்னைக்கே முடிச்சுக்கணும் சார்."

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "நஷ்டம் வந்தப்ப விடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. இப்ப லாபம் கொட்டுது, விடணும்ங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அடுத்த தவணைக்கு எவ்வளவு கட்டணும்னு இன்னைக்கே தெரியணும் சார். எனக்கு அது போதும். அந்தப் பாதிக்குப் பின்னால இப்ப கடனே இல்ல. வட்டி இறங்கினா இல்லாத கடனுக்கு நாம பணம் கட்டணும். அதுக்குப் பேரு சூதாட்டம்."

"ஏறிக்கிட்டேதானே இருக்கு?"

 முதலாளி அவளைப் பார்த்துக் கேட்டார். "இறங்காதுன்னு சொல்ல முடியாதாம்மா?"

"என்னால முடியாது சார். மாப்பிள்ளை சாரால முடியும்னா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

மேசையில் பேனா இருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. முதலாளி எடுத்தார், பாதியை முடித்துக்கொள்ளும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வட்டி ஏறியிருந்ததால், முடித்த பாதிக்கு வங்கி அன்றைய விலைக்கு ஒரு தொகையும் தந்தது. அவள் எழுந்தபோது முதலாளி சொன்னார்: "அந்த மேலாளர் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்மா." மாமனார் எதிரிலேயே மாப்பிள்ளையை அப்படி மடக்கியிருக்கக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நாற்காலி இன்றைக்கும் காலியாகவே இருக்கிறது.

வட்டி அதற்குப் பிறகும் ஏறியது.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் எனக்கு உதவியாக ஒரு பழைய கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாப்பிள்ளை அனுப்பியிருந்தார்: "இந்த வாரமும் ஏறிடுச்சு மேடம். விட்ட பாதியில எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போட்டீங்களா?"

"போட்டியாம்மா?" என்றேன்.

"போட்டேன்ணா. பெரிய தொகைதான்."

"வயிறு எரியலையா உனக்கு?" என்றாள் என் மனைவி.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் கையால் துழாவினாள். சாக்கட்டிப் பெட்டி என் கையில் இருந்தது. நான் நீட்டுவதற்குள் அவள் அலைபேசியைக் கவிழ்த்து டம்ளரின் மேல் வைத்து மூடிவிட்டு, ஊசியை எடுத்து அடுத்த தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.