ஐஸ் கிடங்கில் முளைத்த வெள்ளரி

ஈரத் துணியில் கட்டிய விதை முடிச்சை ஐஸ் பாளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மரத்தூளுக்குள் புதைக்கிறார் முகமது இஸ்மாயில். இன்னும் நெருங்கினால் விதை அழுகிவிடும். விலகினால் குளிர் போதாது. முழங்கை வரை கையை விட்டு இடம் பார்க்கிறார். வெப்பமானி வேண்டாமா என்று கேட்டேன். "இந்தத் தோலு சொல்லிரும்ங்க."

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள கிடங்கில் ஐம்பத்து நாலாம் வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பார். ஏர் பிடித்தவரல்ல, வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூட இல்லை.

போன ஐப்பசியில், பச்சைமலையிலிருந்து சந்தைக்குப் புளி கொண்டுவரும் அம்மாசி கிடங்கு வாசலில் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"மார்கழிக் குளிர்ல வெள்ளரிக் கன்னு ஒண்ணுகூடத் தங்கல பாய். ரெண்டு வருசமாச்சு. இந்தத் தடவையும் போனா, வெள்ளாமைய விட்டுட்டுக் கூலிக்குத்தான் போகணும்."

கிடங்கின் மூலையில் சிந்திய பூசணி விதைகள் அந்தக் குளிரிலும் மெல்ல முளைத்ததை இஸ்மாயில் பார்த்திருந்தார். "விதையைக் கொண்டாங்கண்ணே, பாப்போம்" என்றார்.

முதல் முடிச்சு முழுதும் அழுகியது. இரண்டாவதில் பாதி. அவர் விடவில்லை. மூன்றாவது முடிச்சில், ஊறிய விதையில் அரிசி முனையளவு வேர் எட்டிப் பார்த்ததும், முதல் நாள் டீ குடிக்கிற நேரம் மட்டும் குளிர். மறுநாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் காலையிலிருந்து நண்பகல் லுஹர் தொழுகை வரை. மற்ற நேரமெல்லாம் வெளியே, கதகதப்பில்.

"திடீர்னு பனியில விட்டா செத்துரும்ங்க. கண்ணு முழிக்கறப்பவே கொஞ்சங் கொஞ்சமா பழக்கிட்டா தாங்கிக்கும்."

மார்கழிக் கடைசியில் அவர்களோடு நானும் மலையேறினேன். விடியற்காலைப் பனியில் பல் கிட்டியது. குளிருக்குப் பழக்காமல் சும்மா ஊன்றிய கன்றுகளின் வரிசை துவண்டு கருகிக் கிடந்தது. அடுத்த வரிசையில் இஸ்மாயிலின் கன்றுகள் இலை விரித்து நின்றன. அதே மண், அதே பனி. அம்மாசி குனிந்து கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

இஸ்மாயில் பச்சை வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு கருகிய வரிசையில் குந்தி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு கன்றின் தண்டில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. பக்கத்தில் இரண்டு குச்சி நட்டார். நடுங்கிக்கொண்டே தன் சால்வையை உருவி, அதற்குக் கூடாரமாகப் போர்த்தினார்.