தூக்கிப் போட்ட பாதி பதில்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் ஜாவாவில் ஒருத்தரும் நகரத்தில் தங்குவதில்லை. மூட்டை, முடிச்சு, குழந்தை, கோழி என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். போகாமல் இருக்க ஒரே ஒரு காரணத்தைத்தான் ஊர் ஒப்புக்கொள்ளும்: வேலை. செமாராங்கில் ஒரு பேருந்து நிறுவனத்தில் கணினி நிரல் எழுதும் குன்தோரோவுக்கு அந்தக் காரணம் வருடம் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் ஆகவில்லை. முதுகு சற்றே வளைந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, எப்போதும் இப்போதுதான் தூக்கத்தில் இருந்து எழுப்பப்பட்ட முகம். அண்ணனைக் கூப்பிடுவதுபோல அலுவலகமே அவனை ‘மாஸ்’ என்று கூப்பிடும். பயணச்சீட்டு முன்பதிவு நிரல் முழுக்க அவன் எழுதியது. பெருநாள் வாரத்தில் மேலாளர் அவன் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, “நீ காவல் இருக்கறப்ப எனக்கென்ன கவலை” என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு காரில் ஏறிவிடுவார்.

காவல் எதற்கு என்றால், சமாச்சாரம் இதுதான். பணம் கட்ட, நிரல் வங்கியின் கணினியோடு பேச வேண்டும். அந்தக் கணினிக்கு ஒரு பெயர் உண்டு. பெயரை வைத்துக்கொண்டு பேச முடியாது, எண் முகவரி வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவதற்கென்றே லைப்ரரி என்று ஓர் ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது. யாரோ புண்ணியவான்கள் எழுதி உலகத்துக்கே இனாமாகக் கொடுத்தது. அது வெறும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாது. இந்த எண் இவ்வளவு நேரத்துக்குத்தான் செல்லும், அப்புறம் மறுபடி கேள் என்று ஒரு கெடுவையும் சேர்த்தே தரும்.

குன்தோரோவின் நிரல் எண்ணை வாங்கிக்கொண்டு கெடுவைத் தூக்கிப் போட்டுவிடும். தொடங்கும்போது ஒரு தடவை கேட்பதோடு சரி, பிறகு சாகும்வரை அதே எண்தான். பெருநாள் நெரிசலுக்காக வங்கி தன் கணினிகளை மாற்றி மாற்றி வைக்கும். நிரலோ ஆள் காலிசெய்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கண்டபடி நிறுத்தினால் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்விடும். எந்த இடைவெளியில் நிறுத்த வேண்டும் என்பது குன்தோரோவின் கைக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் அவனுக்குத் துணையாக ரத்ரியையும் காவல் போட்டிருந்தார்கள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், அதனால் பெருநாள் காவல் அவள் தலையில் விழுந்தது. அவள் ஊர் புர்வொதாதி, பைக்கில் போனால் எட்டிவிடும் தூரம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

நோன்பின் பிற்பகல். தொண்டை வறண்டு, பேசவே யோசிக்கிற நேரம். டெர்மினல் கவுண்டரில் இருந்து சுகெங் போன் செய்தான்.

“என்ன மாஸ், உங்க மெஷினும் நோன்பா? வாயே திறக்க மாட்டேங்குது. இங்க இருக்கற கூட்டம் என்னைத் தின்னுதான் நோன்பு திறக்கும் போல!”

“செத்த நேரம் பேச்சுக் குடுத்துட்டு இரு” என்றான் குன்தோரோ. இடைவெளி பார்த்து நிறுத்தினான், ஓடவிட்டான். கவுண்டர் நகர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் ரத்ரி அவன் எழுதிய நிரலைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?”

“நோன்பு வெச்சிருக்கேன். கோவப்படக் கூடாது. கேளு.”

“லைப்ரரி கெடுவையும் சேர்த்துத்தானே குடுக்குது? நீங்க ஏன் அதை வாங்கவே இல்ல?”

“அவசரத்துல எழுதினது.”

“எந்த வருஷத்து அவசரம்?”

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

“கெடு முடிஞ்சா திரும்பக் கேளுன்னு எழுதணும், அவ்வளவுதானே? நோன்பு திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். இது தெரியாத ஆளா நீங்க? தெரிஞ்சே விட்டிருக்கீங்க. உங்க வேலை போயிடும்னு பயமா?”

“வேலைக்கு இல்ல” என்றான்.

உண்மைதான், வேலைக்கு இல்லை. ஒரு பெருநாள் காலையில், வொனொசோபோவில் அவன் வீட்டில், வழக்கப்படி அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, முழங்காலில் தலை வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் தலை மடியில் இருக்கும்போதே வந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்து, “பெரியவன் சர்க்கார் உத்தியோகம். இது பஸ் கம்பெனியில பட்டன் தட்டுது” என்றார். கூடம் சிரித்தது. குன்தோரோ கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டு முடித்து, எழுந்து, மதிய பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். அடுத்த வருடம் வங்கி முகவரி மாறி நிரல் நின்றது. ‘வேலை இருக்கு, வர முடியாது’ என்று அம்மாவிடம் சொன்னான். அந்த வருடம் அது உண்மை. அதற்கடுத்த வருடம் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

அப்படியே பழகிவிட்டது. வருடம் முழுக்க உழைப்பது போதாதென்று, ஒரு சாக்குக்கும் சோறு போட்டு வளர்த்து வந்தான். அதுதான் அவனை இப்படி அடித்துப் போட்டிருந்தது. இதையெல்லாம் ரத்ரியிடம் அவன் சொன்னது அரைகுறையாகத்தான். அவள் புரிந்துகொண்டாள், ஆனால் இரக்கப்படவில்லை.

“நல்லாயிருக்கு மாஸ். உங்க அப்பா மேல இருக்கற கோவத்துக்கு என்னையும் சேர்த்து உட்கார வெச்சிருக்கீங்க. அங்க எங்கம்மா தனியா உட்கார்ந்து கெதுபாத் சோறு கட்ட ஓலை முடைஞ்சிட்டு இருக்காங்க. எனக்கு அவங்களோட ஒரு சண்டையும் இல்ல.”

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் ஒருத்தனுக்குத்தான் நஷ்டம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்தான்.

“ஐயையோ, இப்பவேவா? பெருநாள் வாரத்துல நிரல்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே!”

“அதுவும் சாக்குதான்” என்றான்.

கெடுவை வாங்கி வைத்தான். கெடு முடிந்ததும் லைப்ரரியிடம் மறுபடி கேள் என்று நிரலுக்குச் சொன்னான். பதில் வரத் தாமதமானால் கையில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளி என்றும் ஒரு வரி சேர்த்தான். சோதனைக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அதன் முகவரியை ரத்ரி மாற்றி மாற்றிக் கொடுத்தாள். நிரல் ஒவ்வொரு தடவையும் தானே கேட்டுத் தெரிந்துகொண்டது. நோன்பு திறக்க மசூதி முரசு ஒலித்தபோது இருவரும் கோலாக் என்கிற வாழைப்பழப் பாயசத்தைக் குடித்தார்கள். அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. வெறுமையாக இருந்தது.

மறுநாள் வங்கி மறுபடி கணினியை இடம் மாற்றியது. குன்தோரோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடிக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் தானே சுகெங்குக்குப் போட்டான்.

“கவுண்டர் ஓடுதா?”

“ஓடுதே. ஏன் மாஸ், ஓடக் கூடாதா?”

ரத்ரி ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். “நிரல் நின்னாலும் பாதி வழியில இருந்து திரும்ப மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள். அவன் நீட்டிய பிஸ்கட் டின்னை அம்மாவுக்கு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அறையில் அவனும் மின்விசிறியும் மட்டும்தான். சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. வெகு நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான்.

“இபூ, நான் ஊருக்கு வரேன்.”

அம்மா குரலைத் தாழ்த்தி, “வேலை போயிடுச்சா லே?” என்றாள்.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் போன் கைமாறியது. அப்பா.

“நிஜத்தைச் சொல்லு. அனுப்பிட்டாங்களா?”

“இல்ல பாக். நிரல்ல ஒரு கோளாறு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன். இனிமே நான் காவல் இருக்க வேண்டியதில்ல.”

“வருஷா வருஷம் சொல்லுவியே, அந்தக் கோளாறா?”

“அதேதான்.”

“சரி பண்ண எத்தனை நாள் ஆச்சு?”

பொய் சொல்ல நினைத்தான், வாய் வரவில்லை. “ஒரு சாயங்காலம்.”

அப்பா மற்றவர்களின் விடுப்புக் கடிதங்களைப் படித்தே கிழவரானவர். எது காய்ச்சல், எது சாக்கு என்று அவருக்குத் தெரியாதா? குன்தோரோ திட்டுக்குக் காத்திருந்தான்.

“அன்னைக்குக் கூடத்துல நான் சொன்னது ஒரு பேச்சா?” என்றார் அப்பா. “அதைத் திருப்பி வாங்க எனக்கும் இத்தனை வருஷமா வாய் வரல.”

குன்தோரோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“டிக்கெட் போட்டுட்டியா?” என்று கேட்டார்.

குன்தோரோ திரையைப் பார்த்தான். வொனொசோபோ வரிசை முழுக்கச் சிவப்பு. “இடம் இல்ல பாக். எல்லாம் வித்துடுச்சு.”

“நீ எழுதின மெஷின்தானே?”

“அதுதான் இல்லேன்னு சொல்லுது.”

“அப்ப நின்னுக்கிட்டே வா” என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.