புள்ளி விழுந்த மணி

மக்காச்சோளக் கதிரை உதிர்த்துக்கொண்டே, நடுவில் கையைத் துடைத்துத் துடைத்து இதை எழுதுகிறேன். மணி பொறுக்கும் வேலையில் முதலில் போவது கண், அப்புறம்தான் இடுப்பு. இதே வேலை செய்கிற உங்களுக்கே தெரியும். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில் மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் என்னை வைத்துக்கொள்வோம் என்றார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள். இங்கே தூளி கட்டிக்கொள்ளலாம். அதற்காகவே இந்த வேலை எனக்கு நிலைக்கணும்.

சொத்தை

முதல் நாள், ஊதாப் புள்ளி விழுந்த மணியெல்லாம் சொத்தை என்று பொறுக்கிக் கோழிக்கு ஒதுக்கிவிட்டேன். வீட்டில் அப்படித்தான் பழக்கம். ஆராய்ச்சி செய்கிற மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ செல்வி, நாங்க வளர்த்ததே அந்தப் புள்ளிக்குத்தாம்மா!"

குதிக்கிறது

மணிக்குள் மரபணுவில் ஏதோ ஒரு துண்டு இடம் விட்டு இடம் குதிக்குமாம். நிறம் தருகிற இடத்தில் போய் உட்கார்ந்தால் மணி வெள்ளை. மணி வளரும்போது எழுந்து போனால் அங்கே ஊதாப் புள்ளி. சீக்கிரம் போனால் பெரிசு, தாமதமானால் சின்னது. இதைக் கேட்டதும், மணி குதித்து ஓடிவிடுமோ என்று நான் தட்டுக்கு வலை போட்டு மூடினேன். மேடம் சிரித்துவிட்டு, அது தானாகக் குதிக்காது, உசுப்ப இன்னொரு துண்டு வேணும் என்றார். உசுப்புவது கூடக்கூட, குதிப்பது தாமதமாகிப் புள்ளி சிறுத்துவிடுமாம். பக்கத்தில் உதிர்த்துக்கொண்டிருந்த மேரியக்கா விடவில்லை.

"எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான். கூட்டாளி ஒருத்தன் வந்தா உடனே ஆட்டம். மூணு பேரு வந்தா பேசிக்கினே இருப்பாங்கோ, லேட்டாயிடும்!"

தூங்குவது

சில செடியில் அந்த உசுப்புவதே அடங்கித் தூங்கிவிடும், செத்துப்போகாது. மூன்றாம் மாசக் கடைசியில் மேடம் ஒரு மூட்டையைக் காட்டி, "புள்ளியே இல்ல, தூங்கிடுச்சு, கோழிக்குப் போடுங்க" என்றார். அதிலிருந்து நான் எடுத்த கதிரின் அடியில் ஊசிமுனை அளவு ஊதா. வெறும் கறையாக இருந்தால்? சொத்தைக் கதை மறுபடியும் ஆகிவிட்டால், தூளியை அவிழ்க்க வேண்டியதுதான். இருந்தாலும் கதிரை மட்டும் நீட்டினேன். மேடம் லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழிச்சிக்கிச்சு செல்வி! இந்தக் கண்ணை நான் எங்கயும் அனுப்பமாட்டேன்."

இத்தனை நாளில் நான் படித்தது ஒன்றுதான்: தூங்குகிறது என்று நம்பி நாம் கொஞ்சம் அசந்தால்—

"ஏய் செல்வி, உன் பொண்ணு முழிச்சிக்கினு தூளியில குதிக்கிறா, ஓடியா!"