லிஃப்ட் வரும்வரை ஒரு சுரம்

வெள்ளவத்தையில் நான் அதிகம் வாசித்த கல்யாண மண்டபம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஒன்றுதான். நாலு பேர் ஏறலாம் என்று அதில் எழுதியிருக்கும். சேலையும் மாலையும் தோழிகளுமாக வரும் பொம்பிளைக்கு அது அவ ஒருத்திக்கே காணாது. வரவேற்புக்குப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது வாசிப்பதுதான் என் வேலை. கீபோர்ட்டில் நாதஸ்வரக் குரலை வைத்து ஒரு சின்ன மெட்டைத் தொடங்குவேன். மெட்டு முடிந்துவிடும், கதவு திறக்காது. லிஃப்ட் இன்னும் கீழே நிற்கும். நிறுத்தவும் ஏலாது. ஆகவே கடைசிச் சுரத்தில் விரலை வைத்தபடி இழுத்துக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் வளைப்பேன், நெளிப்பேன், திரும்ப நேராக்குவேன். கதவு திறந்து முகங்கள் தெரிந்த கணத்தில் இடது கையால், ஆட்டம் போட வைக்கும் பைலா தாளத்தை உள்ளே விடுவேன். சனம் கைதட்டும்.

இரண்டு மூன்று வருடத்தில் அதுவே என் அடையாளமாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் கல்யாணங்களுக்கும் அதையே கேட்டார்கள். என் பெயர் தெரியாதவர்கள்கூட ‘அந்த இழுவைக்காரரைக் கூப்பிடுங்க’ என்று சொல்லி என்னைப் பிடித்தார்கள்.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. கோயிலில் ஹார்மோனியம் வாசித்தவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்துப் பிடித்ததுதான் எல்லாம். கீபோர்ட் வாசிக்க கொழும்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டு என்னைக் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே காரணம் அந்த இழுவை. அதை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குப் பயம். வீடியோக்காரர் சத்தம் பிடிக்க எங்கள் மிக்சரில் வயர் போட வந்தால் விடமாட்டேன். போனைத் தூக்கிக்கொண்டு எவராவது பக்கத்தில் வந்து நின்றால், அவர் போகும்வரை வேறு எதையாவது வாசிப்பேன்.

இப்படியெல்லாம் காத்தும், போன வருடம் அது வேறொருவர் கையிலிருந்து வரக் கேட்டேன்.

ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு கல்யாணம். அன்றைக்கு நான் விருந்தாளி. மேடைக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கீபோர்ட்டில் இருந்தா. அந்தப் பகுதியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற சங்கீத டீச்சர் என்று பக்கத்துக் கதிரைக்காரர் சொன்னார். அவ நாதஸ்வரக் குரலில் ஒரு மெட்டைத் தொடங்கினா. என் மெட்டு இல்லை, வேறு. ஆனால் கடைசிச் சுரத்தில் விரலை வைத்து இழுத்தா. வளைத்தா. நெளித்தா. பிறகு பைலா உள்ளே வந்தது.

அந்த மண்டபம் நிலமட்டத்தில் இருந்தது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். லிஃப்ட்டே இல்லாத இடத்தில் எதற்காக இழுக்கவேண்டும்? என்னிடமிருந்து எடுத்ததாக இருந்தாலொழிய அதற்கு வேறு காரணமே இல்லை.

களவைவிட என்னைக் கலக்கியது அவவுக்கு முன்னால் இருந்த பேப்பர். அவ அதை எழுதி வைத்திருந்தா. காணிக்கு உறுதிப் பத்திரம் வைத்திருப்பவன்தானே சொந்தக்காரன்? நாளைக்கு அந்தப் பேப்பரைக் காட்டி, இது என்னுடையது, இனிமேல் வாசிக்காதே என்று அவ சொன்னால், நோட்ஸ் எழுதத் தெரியாத நான் எதைக் காட்டுவேன்? ஐஸ்கிரீம் வர முதலே எழும்பி வந்துவிட்டேன்.

முதலில் என் ஒக்டபேட்காரரைச் சந்தேகித்தேன். முகத்துவாரத்துக்காரர். பதினொரு வருடமாக என்னோடு தாளம் போடுகிறவர். அந்த இழுவை எப்படிப் போகும் என்று என்னைத் தவிர முழுக்கத் தெரிந்தவர் அவர்தான். அந்த மாதம் ஒரு புதுப் போனும் வாங்கியிருந்தார். ஹெவ்லொக் டவுனில் யாரையாவது தெரியுமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“மச்சான், உன்ட இழுவையக் களவெடுக்க உளவாளி வேணுமா?” என்றார். “கீழ வாகனம் பாக்குற செக்யூரிட்டியும் அதைத்தான் விசிலடிக்கிறான்.”

அவர் சொன்னது உண்மைதான். சிரித்த விதந்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நான் வாசித்த கல்யாணம் ஒன்றுக்கு வந்திருந்த மனிசன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உங்கட மெட்டை அப்படியே எடுத்திருந்தா கதைக்கலாம். உங்கட ரெக்கோர்டிங்கைப் போட்டு உழைச்சாலும் கதைக்கலாம். வாசிக்கிற விதத்துக்கு உரித்து இல்லை. இழுக்கிறது, நெளிக்கிறது, பைலாவை உள்ள விடுறது, இதெல்லாம் ஆரும் செய்யலாம்.”

“அவ எழுதி வச்சிருக்கிறா சேர்.”

“எழுதினாப்போல அவவுக்கும் சொந்தமாகாது. உங்களை வாசிக்காதையுங்கோ எண்டு ஒருத்தரும் மறிக்க ஏலாது. நிம்மதியாப் போங்கோ.”

மெட்டைப் பற்றிப் பயம் என்றால் பழைய ரெக்கோர்டிங் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னார். நிம்மதியாகப் போகத்தான் எழும்பினேன். அறை மூலையில் சின்ன வயலின் பெட்டி ஒன்று சாய்ந்து நின்றதைக் கண்டேன். இவருடைய பிள்ளை எந்த டீச்சரிடம் பழகுகிறது? வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ரெக்கோர்டிங் தேடினேன். கொட்டாஞ்சேனையில் மூன்று வீடுகளில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அன்போடு தேத்தண்ணி தந்து முழுவதையும் காட்டினார்கள். கதவு திறக்கிறது, பொம்பிளை வருகிறா, ஓரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறேன். கேட்பது என்னவோ சினிமாப் பாட்டு. எங்கள் ஊர் வீடியோக்காரர் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு அதற்கு மேல் சினிமாப் பாட்டைத்தானே ஒட்டுகிறார்கள். மூன்று வீட்டிலும் மூன்று பாட்டு.

வெட்டி ஒட்டாத பிரதி இருக்குமா என்று வெள்ளவத்தையில் வீடியோக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானே அண்ணன் வயர் போட வாணாண்டு சொன்ன? இப்ப வந்து சத்தம் எங்கெண்டு கேக்குறீங்க.”

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அந்த டீச்சரின் வீட்டுக்குப் போனேன்.

அவ மறுப்பா, சண்டை வரும் என்று எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவ என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டா. “ஓம், உங்களிட்டத்தான் எடுத்தனான். என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு நீங்கள்தானே வாசிச்சனீங்கள்” என்றா. இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்பவர்களை நான் நம்புவதில்லை.

பேப்பரை எடுத்து வந்து காட்டினா. கம்பியில் காகம் இருப்பதுபோலக் கோடும் புள்ளியும். ஒரு புள்ளிக்கு மேல் விரலை வைத்தா.

“இந்த இடத்தில எட்டு எண்ணிக்கை போட்டிருக்கிறன். சரியோ? நீங்கள் ஒருக்கா வாசிச்சுக் காட்டினா நான் திருத்துவன். மேல உங்கட பேரையும் போடவேணும்.”

என்னிடம் அதுவரை ஒருவரும் சரியா என்று கேட்டதில்லை. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை, உசாராகிவிட்டேன். அவவின் போன் பியானோவுக்கு மேல் குப்புறக் கிடந்தது. அதை எடுத்து வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டு குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ நடமாடும் சத்தம்.

அந்த இழுவைக்கு எண்ணிக்கை கிடையாது. கதவு திறக்கும்வரைதான் அதன் நீளம். சில நாள் நாற்பதுக்கும் போயிருக்கும். காத்திருக்கிற சனம் இருமத் தொடங்கினால் அதற்கேற்ப வளைக்கவேண்டும். குழந்தை அழுதால் வேறு மாதிரி. இதையெல்லாம் அவவுக்குச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் மறிக்க ஏலாது என்று சட்டத்தரணி சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி எட்டு வந்ததும் விரலை எடுத்துவிட்டேன். அசலை என்னோடு வைத்துக்கொண்டேன் என்று நினைப்பு.

“அப்ப நான் எழுதினது சரி” என்றா டீச்சர். மேலே தமிழிலும் இங்கிலீசிலும் மையால் என் பெயரை எழுதினா. எனக்கும் ஒரு பிரதி தந்தா. அச்சடித்ததுபோல அழகான எழுத்து. என் பெயரைத் தவிர அதில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே மூன்றாம் மாடி மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பொம்பிளை அந்த டீச்சரின் பழைய மாணவி. கல்யாணத்துக்கு முந்திய வாரம் தாயோடு என்னைப் பார்க்க வந்தா. கையில் என் பெயர் போட்ட பேப்பர்.

“அங்கிள், இதில இருக்கிற மாதிரியே வாசியுங்கோ. எட்டு முடிய நான் காலை எடுத்து வைப்பன். வீட்டில பழகிட்டன்.” லிஃப்டை நம்பாமல் அரை மணித்தியாலம் முதலே வந்து கதவுக்குப் பின்னால் நிற்கப்போவதாகவும் சொன்னா.

அது பொய், டீச்சரை நம்பாமல் நான் காட்டிய பொய் என்று சொல்லத் தாயின் முன்னால் மனம் வரவில்லை. ஓம் பிள்ளை என்றேன்.

அன்றைக்கு அவ சொன்னபடியே கதவுக்குப் பின்னால் நின்றா. நான் எட்டு எண்ணி விரலை எடுத்தேன். கதவு திறந்தது, கால் சரியாக விழுந்தது. சனம் வழக்கம்போலக் கைதட்டியது. வித்தியாசம் எவருக்கும் தெரியவில்லை, ஒருவரைத் தவிர. ஒக்டபேட்காரர் தாளத்தை விடாமல் என் பக்கம் சாய்ந்தார்.

“என்ன மச்சான், இண்டைக்குக் கட்டையா விட்டுட்ட?”

“பேப்பர்ல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

“ஆர்ட பேப்பர்?”

தாளம் சத்தமாக இருந்தது. கேட்காதவன்போல அடுத்த பாட்டுக்குக் கீபோர்ட்டின் குரலை மாற்றினேன்.