ஏழு தலைமுறையும் ஒரு கஞ்சிப் பானையும்

தெய்வநாயகம் முசே போய்விட்டார் என்று மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்கிறவள்தான் சொன்னாள். தெருவில் அமெரிக்க ஜீப்புகள் போய்க்கொண்டிருந்ததால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. செத்தவரைக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பாடம் ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் பாஷையில் மரியாதையாக முசே என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சைகோனில் நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அவர் வம்சம் மனப்பாடம். குமாஸ்தாவாக இருந்த அப்பா, காரைக்காலில் கப்பல் சரக்கு பார்த்த தாத்தா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று ஏழு தலைமுறை ஏறி, ஒரு துபாஷியின் பல்லக்கில் போய் உட்காருவார். ரசம் வரும்வரை இறங்கமாட்டார். "வேர் தெரியாதவன் வெறும் வெறகும்மா" என்பார். அந்த ஏழிலும் ஒரு பெண்ணின் பேர் வராது. ஆண்களே ஆண்களைப் பெற்றுக்கொண்ட அதிசயக் குடும்பம்.

நான் கல்யாணமாகி அவர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த புதிதில் அவர் தாயார் இருந்தார். லான் என்று பேர். வியட்நாம்காரி. புருஷன் போன பிறகு பென்தான் என்கிற பெரிய சந்தையில் கஞ்சி விற்று மகனைப் படிக்க வைத்தவர். ஒருநாள் ஊரிலிருந்து வந்த பெரிய மனிதர்களிடம் மகன் பல்லக்கில் ஏறியிருந்தபோது அந்த அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

"இது யாரு?" என்றார் வந்தவர்.

"சமையலுக்கு இருக்குறா" என்றார் மகன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

போன வருஷம் முசேயின் பேரனும் என் பேத்தியும் மனசொத்துப் போனார்கள். பேத்தியைப் பெற்ற என் மருமகளும் வியட்நாம்காரிதான். முசே என் வீட்டுக்கு வந்தார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு லட்சணந்தான் தங்கச்சி. தாய்வழிதான் கலப்பாயிருக்கு. எங்க வம்சத்துல அது கெடையாது."

"அப்ப கஞ்சி வித்த அம்மா?"

"அந்தச் சமையக்கார ஆயாவையா சொல்ற?" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற என் பேத்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கருமாதியன்று ஐயர் பிண்டம் வைக்கப் பேர் கேட்டார். முசேயின் மகன் ஏழு தலைமுறையையும் தப்பில்லாமல் ஒப்பித்தார்.

"போனவரோட தாயார் பேரு?"

"அப்பா சொன்னதே இல்லீங்களே."

அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த நம்மவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் சொன்னேன்: "லான். கஞ்சி வித்தவங்க. உங்க அப்பாவப் பெத்தவங்க."

முதலில் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னவன் பேரன். அப்புறந்தான் மகன். அந்த அம்மாவுக்கும் ஒரு பிண்டம் வைத்தார்கள்.

மறுவாரம் மகன் பூவும் பழமுமாக என் வீட்டுக்கு வந்தார். "அப்பா பேசுனத மனசுல வச்சிக்காதீங்கம்மா. பொண்ணு கேக்க வந்திருக்கோம்."

"உங்க வம்சத்தச் சொல்லுங்க, கேப்போம்" என்றேன்.

லான் அம்மாவிலிருந்து தொடங்கினார். தட்டை வாங்கிக்கொண்டேன். தலைத்திவசம் கழிந்து கல்யாணம்.

முசேயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, பந்தியில் வம்சம் சொல்லும் வழக்கம். என் பேத்தி கல்யாணத்தில் ரசம் வருவதற்குள் நானும் சொல்லப்போகிறேன். பல்லக்கு வேண்டாம், கஞ்சிப் பானையிலிருந்து ஆரம்பிப்பேன்.