பெட்டியில் வந்த மூன்று மாடி வீடு

ஐயா, அம்மையீர், வணக்கம்.

சென்ற மாதம் சென்னையில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, கூடத்து அலமாரியில் ஒரு புதிய பெட்டியைக் கண்டேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டடம் எழுப்பும் பிளாஸ்டிக் கட்டைகள் அதில் இருந்தன. மேலட்டையில் பழங்காலத்து அயல்நாட்டு நகரக் கட்டடம் ஒன்றின் படம். இது குழந்தைகளுக்கானதன்று, பெரியவர்கள் வாங்கிச் சேர்த்து வைப்பது, பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று மகன் சொன்னான். இதைப் போன்றதை நான் பிரித்தே பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாடிப்படி ஏறி வந்த களைப்பில், தொடங்கினால் நீளும் என்று விட்டுவிட்டேன். ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பேச்சு மனத்தில் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது. ஆகவே, பழைய நினைவுகளைச் சேகரித்து வைக்கும் தங்களுக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதி; நான் அப்போது சிறுமி. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் செல்லும் சாலையோரத்தில் எங்கள் வீடு. தகப்பனாரை நாங்கள் நைனா என்று அழைப்போம். பயிர்த்தொழில் செய்பவர்; அதிகம் பேசமாட்டார். என் அக்காள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி வீட்டில் இருந்தாள். செங்கல்பட்டுக்குப் போய் நர்ஸ் பயிற்சியில் சேர வேண்டும் என்பதே அவளுடைய ஒரே விருப்பம். நைனாவிடம் பலமுறை கேட்டாள். கல்யாணம் ஆன பிறகு போகிற வீட்டில் கேட்டுக்கொள் என்பதே ஒவ்வொரு முறையும் பதில். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பெண் பார்க்க வந்தவர்கள் வந்து போனபடி இருந்தார்கள். ஒருவருக்கு நிறம் போதவில்லை, ஒருவருக்கு நிலம் போதவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சொஜ்ஜி கிளறியே அம்மாவின் தோள்கள் இறங்கிப் போயிருந்தன. ஆகையால், வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது எங்கள் வீட்டில் எழுந்தது மகிழ்ச்சி என்பதைவிட, சுமையை இறக்கி வைத்தவர்கள் விடும் பெருமூச்சு என்பதே பொருந்தும். மாப்பிள்ளை துபாயில் எலக்ட்ரீஷியன். அவர் வர இயலாததால், அவர் பெற்றோர் மட்டும் வந்து நிச்சயம் செய்தார்கள்.

அன்று தாம்பாளத்தில் புடவை, பூ, பழம், மஞ்சள், குங்குமம் ஆகியவற்றோடு ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் அதை அக்காளின் கையில் கொடுத்தார்.

“எம்புள்ள அனுப்பிச்சான்மா. உள்ள இன்னா கீதுன்னு எங்களுக்கே தெரியாது. பொண்ணு கைலதான் குடுக்கணும்னு சொல்லி அனுப்பிச்சிகீறான்.”

அவர்கள் சென்ற பிறகு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆட்டினால் புளியங்கொட்டை குலுங்குவதுபோல் ஓசை. மேலே மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படம். கீழே ரொட்டிக் கடை, அதில் செங்கல் அடுப்பு, மேலே பூந்தொட்டி வைத்த சன்னல்கள், உச்சியில் கடிகாரம். இன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போது தீர்ப்புச் சொன்னவர் என் தாய்மாமன்.

மாமன் ஊரில் பேர்பெற்ற கொத்தனார் மேஸ்திரி. காஞ்சிபுரத்தில் யாரோ ஒரு செல்வந்தர் வீட்டில், வேலை தொடங்குமுன் என்ஜினியர் அட்டையில் குட்டி வீடு செய்து காட்டியதை ஒருமுறை கண்ணாரக் கண்டவர். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசாத நாளில்லை.

“இதுகூடவா தெரியல? மாப்ள வாலாஜாபாத்துல கட்டப்போற வூடு இது. மொதல்ல இப்டிதான் சின்னதா செஞ்சி பாப்பாங்க. வெளிநாட்டுக்காரங்க ஒரு வேலையும் ரோசன இல்லாம செய்யமாட்டாங்க.”

“வூட்டுக்குள்ள கடை எதுக்குண்ணா?” என்றாள் அம்மா.

“வாடகைக்கு வுடறதுக்கு. ஆளு கெட்டிக்காரன்.”

பெட்டியின் ஒரு பக்கத்தில் வெள்ளைக்காரச் சிறுவனும் சிறுமியும் தரையில் உட்கார்ந்து சிரிக்கும் படம் இருந்தது. அது எதற்கு என்று நான் கேட்டேன். மாமனின் மனைவி, என் அத்தை, அதற்கும் விடை வைத்திருந்தார்.

“ஒரு ஆணு, ஒரு பொண்ணு. கவருமெண்டு சொல்ற மாதிரி ரெண்டோட நிறுத்திக்கறதா எழுதாம எழுதிகீறாரு. எம்மாம் பொறுப்பு பாத்தியா!”

எல்லோரும் சிரித்தோம். அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். நாணம் என்று அத்தை சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் அக்காள் அதைக் கட்டினாள். படம் போட்ட தாள் ஒன்று பெட்டிக்குள் இருந்தது; எழுத்து எந்த மொழியோ அறியேன். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்து, நெல் புடைப்பவள் கல் பொறுக்குவதுபோல் கட்டைகளைத் தேடியெடுத்து அழுத்துவாள். கட்டை பொருந்தும்போது எழும் அந்தச் சிறு ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. என்னைத் தொடவிட்டது கடிகாரத்தை வைக்கும்போது மட்டும்தான். முடிந்ததும் கூடத்தில் பலகை போட்டு, தெருவாசலைப் பார்த்தவாறு வைத்தோம். எங்கள் தெருவாசல் கிழக்கு. காலை வெயில் அந்தச் சிறு சன்னல்களில் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, பெண் கொடுத்துவைத்தவள் என்று சொல்லிப் போனார்கள். நைனாகூட ஒருநாள் வயலிலிருந்து வந்து கால் கழுவாமலே குனிந்து பார்த்தார்.

கல்யாணத் தேதி குறிக்க வாலாஜாபாத்தார் வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் வருமுன் பலகைமேல் இருந்த வீட்டை மனையடி சாஸ்திரப்படி பார்த்துச் சொல்வது தம் கடமை என்று மாமன் அறிவித்தார். அன்று காலை அக்காள் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தாள். கட்டடத்தைத் தூக்கி மீண்டும் வைக்கும்போது, வாசல் தெருவைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

“அக்கா, நேத்து இந்தப் பக்கம்தானே பாத்துக்கினு இருந்துச்சி?” என்றேன்.

அவள் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வலியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விருந்தாளி வரும் நாளில் வாயாடக் கூடாது போலும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன்.

மாமன் வந்தார். முழங்காலை ஊன்றிக் குனிந்து, விரலால் அளந்து, வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சுருங்கிவிட்டது.

“வாசல் இன்னாம்மா தெக்கப் பாத்துகீது?”

“வெச்சிருக்கற மாதிரிதான் மாமா,” என்றாள் அக்காள்.

“அடுப்பு கன்னி மூலைல வருது. அக்னி மூலைல இருக்கவேண்டியது. ஐயையோ! இந்த வூட்டுல எவ வாழுவா?”

அப்போது வாலாஜாபாத்தார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். மாமன் கையமர்த்தினார்.

“தேதி இருக்கட்டும் சம்பந்தி. மொதல்ல வூட்டப் பேசிடலாம்.”

“எந்த வூட்ட?”

“இதோ கீதே. இதத்தான். தெக்குப் பாத்த வாசல், கன்னி மூலைல அடுப்பு. எங்க பொண்ண அதுல எப்டிங்க அனுப்பறது? வாசலக் கெழக்கால திருப்பிடுங்க. எல்லாம் சரியாப் பூடும்.”

அவர் பலகையைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார். வாலாஜாபாத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஓட்டு வீடு. மூத்த மகன்கள் இருவரும் மனைவி மக்களோடு அதிலேயே இருந்தார்கள். அதை நைனா நேரில் கண்டு வந்தவர்.

“யாருங்க கட்டப்போறது மூணு மாடி?” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார் மெதுவாக.

“மாப்ளதான்.”

தாயார் எழுந்துவிட்டார். “எம்புள்ள அங்க வெயில்ல வெந்துக்கினு கீறான். உங்களுக்கு மூணு மாடி கேக்குதா?”

“நாங்க எங்கம்மா கேட்டோம்? நீங்கதானே தாம்பாளத்துல வெச்சிக் குடுத்தீங்க!” என்றார் மாமன்.

“அது இன்னான்னே தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே!”

“தெரியாமலா அடுப்பு மொதக்கொண்டு வெச்சி அனுப்புவாங்க?”

“இருக்கற வூட்டப் பாத்துட்டுத்தானே போனீங்க? அன்னைக்கு வாயத் தொறக்கல. இன்னைக்கு ஜனங்க முன்னாடி எங்களக் கேலி பண்றீங்களா?” என்றார் தகப்பனார். அவர் குரல் உயரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்காள் காபித் தட்டோடு உள்வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்தாள். பெட்டியின்மேல் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தி. பெட்டியை நாள்கணக்கில் கையில் வைத்திருந்தவளும் அவளே. இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் டம்ளர்களில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காபியை யாரும் எடுக்கவில்லை.

நைனா தெருமுனை வரை அவர்கள் பின்னால் நடந்துபோய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடைதான். நைனா வாலாஜாபாத்துக்குப் போவார், வருவார். நடுவில் பேசிய தரகர் இங்கே வருவார், போவார். வீடு கட்டும் எண்ணமே இல்லை என்று அவர்கள் சொல்ல, அப்படியானால் பொய் சொல்லி நிச்சயம் செய்தார்களா என்று மாமன் கேட்க, கேட்டதை யாரோ பெரிதாக்கிக்கொண்டுபோய்ச் சேர்க்க, ஒரு நாள் தரகர் வந்து, இரண்டு பக்கமும் கொடுத்ததைத் திருப்பிவிடலாம் என்றார். யாருக்கும் கோபம் மிச்சமில்லை. மாமன்கூட, “நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்,” என்றதோடு நிறுத்திக்கொண்டார். துபாயில் இருந்த அந்த மனிதருக்கு என்ன எழுதியிருப்பார்களோ. ஏதோ கடைக் கண்ணாடியின் வழியே கண்டு, பிடித்துப்போய், இன்னும் முகம் பாராத பெண்ணுக்கென்று வாங்கியிருப்பார். அவருக்காகவும் இப்போது வருந்துகிறேன். அப்போது அவரை நான் நினைக்கவே இல்லை.

வந்தபடியே திருப்ப வேண்டும் என்பது முறை. புடவையை மடித்தாயிற்று. கட்டடத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தால், மாடியைக் கட்டிக் காட்டுகிறார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும் என்றார் தரகர். ஆகவே அக்காள் அதைப் பிரித்தாள். கட்டும்போது இருந்ததைவிடப் பிரிக்கும்போது கை அதிகம் வலிக்கும் போலும், நகக்கண் சிவந்துவிட்டது. நான் நிறம் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன்.

“வாசலத் திருப்பி வெச்சிருந்தா கல்யாணம் நடந்திருக்குமாக்கா?”

“சேப்பு கட்டைய எடு,” என்றாள்.

அவள் மனம் உடைந்து போயிருக்கிறாள் என்று எண்ணி, அன்று எனக்கு வாங்கிவந்த பொரி உருண்டையை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை முழுதாகத் தின்றாள்.

பயிற்சிக்கு மனுப்போட அந்த ஆண்டும் அழைத்திருந்தார்கள். அக்காள் போய் நைனாவின் முன் நின்றாள். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவள் கேட்டு முடிக்குமுன்னே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

“போ. எங்கியாவது போய் நல்லா இரு. எனக்கு இனிமே பேச தெம்பில்ல.”

அம்மா அடுப்படியில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மறுப்பதற்கும் ஓர் ஆள் கொஞ்சம் ஓய்வெடுத்திருக்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் அந்த ஓய்வு யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட நைனாவோடு நானும் போனேன். கல்யாணம் கெட்டுப் போனதற்காக அவளை எங்கோ தூரத்துக்குத் துரத்துகிறார்கள் என்று உறுதியாக நம்பி, செங்கல்பட்டு பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்க அழுதேன். நைனா என் விரல்களைப் பிரித்தெடுத்தார். டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டு, பற்கள் அனைத்தும் தெரிய, எங்கள் வீட்டில் அவள் ஒருபோதும் சிரித்திராத சிரிப்பு. இத்தனை துக்கத்திலும் என்னைத் தேற்றுவதற்காகவே அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன்.

அக்காள் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது காலமாகிவிட்டாள். அந்தக் கூடத்தில் அன்று இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்தியே. ஆகையால் இதை எங்கேனும் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.