வெற்று டேப்பின் இரைச்சல்

அந்த ஸ்டுடியோவில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. அவரும் மறுத்ததில்லை. பாட்டின் கடைசிப் பிரதியை எந்த டேப்பில் பதிவது என்று முடிவு செய்வது அவர்தான். வெற்று டேப்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, இரைச்சல் குறைந்ததை எடுப்பார். பிறகு சோதனை ஒலியைப் பதிந்து, மீட்டர் முள் சரியான இடத்தில் நிற்கும்வரை திருகுகளைத் திருகி, கருவியை அந்த டேப்புக்குப் பழக்குவார். இரைச்சலுக்கு மட்டும் மீட்டரை நம்பமாட்டார். "அத்தனை சின்னச் சத்தத்துக்கு முள் அசையாது, காதுதான் கேக்கணும்" என்பார்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க மனைவி வந்தாள். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"பேசாதே. டேப் கேக்குறேன்."

"பாட்டே வரலையே?"

"வெறும் டேப்."

"நல்லாருக்கு! வீட்டுல தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. இங்க வெறும் டேப் கேக்குதாக்கும்?"

அவர் சிரித்தார். "இருக்கிறதிலேயே அமைதியான டேப் இதுதான்."

"இதுவா? மழை கொட்டுற மாதிரி இரையுதே!"

அவர் ஒலியைக் கூட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு இன்னும் அமைதியாகத்தான் இருந்தது.

மீட்டரைப் பார்த்தார்; முள் அசையவில்லை. பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. அடுத்ததைப் போடுறேன். கேட்டுச் சொல்லு."